வெல்லச் சாக்கும் குப்பண்ணனின் ஓணானும்

1983 ஜூன் 20, திங்கள்

(அச்சில் ஞாயிறு. தீவனக் கடையில் போன வருடம் கொடுத்த டைரி. வருடத்தையும் கிழமையையும் அடித்து எழுதினால் போயிற்று.)

விடியற்காலை தூறல். பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். கோழிக் கொட்டகைக்குள் ஒரே ஆவி, வாடை. தரையில் பரப்பிய கடலைத்தோல் நனைந்து களியாகக் கிடக்கிறது. மழைக்கு முன்னாலேயே எருவை அள்ளியிருக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் நான் யாரையும் கூப்பிடவே இல்லை. சோம்பல்.

முட்டை 418. உடைசல் ஐந்து. ஒரு கோழி கழுத்தைத் தொங்கப் போட்டிருக்கிறது, தனியே வைத்தேன். என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் இல்லை. அவர் போகும் ஆழ்கிணறு போடுகிற ரிக் வண்டி இப்போது கர்நாடகாவில் எந்த ஊரில் துளை போடுகிறதோ.

ஈ. சொல்லி முடியாது. சோற்றுத் தட்டில், பால் சொம்பில், பேசினால் வாயில்.

மத்தியானம் பாவாயி அக்கா வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான்.

"ஏஞ் சரசு, கோழி முட்டை போட்டா நீ விக்கற. ஈ மட்டும் எங்களுக்கா? மனுசன் கெடையில கெடக்கறாரு. ஒத்தக் கையில எத்தன ஈயத்தான் முடுக்குவாரு?"

நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "எந்த ஈ எந்த ஊட்டு ஈயின்னு நானென்ன பேரா எழுதி உட்டிருக்கறேன்?" என்று கேட்டுவிட்டேன். அக்கா திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மனுசன் என்றால் குப்பண்ணன், அக்காவின் வீட்டுக்காரர். லாரி டிரைவர். மூன்று வருடத்துக்கு முன் மலை இறக்கத்தில் வண்டி கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, இடக்கை தூக்க வராது. வலக்கை மட்டும் நன்றாக இருக்கிறது. பகல் முழுக்க வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறார். ஈக்கு அவரைவிடத் தோதான இடம் எது.

சாயங்காலம் தீவனக் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். வெல்லப்பாகில் மாலத்தியான் பூச்சிமருந்தைக் கலந்து சாக்கில் தடவித் தொங்கவிட வேண்டியது. ஈ வந்து நக்கும், விழும். வரும்போதே வாங்கி வந்துவிட்டேன். கோழிக்கு எட்டாத உயரத்தில், வேலி ஓரமாக, இரண்டு சாக்கு.

ஜூன் 21, செவ்வாய்

பளிச்சென்று வெயில். சாக்குக்குக் கீழே ஈ கறுப்பாகக் குவிந்து கிடக்கிறது. கூட்டி அள்ளினேன், ஒரு முறம் நிறைய. மத்தியானம் இன்னொரு அரை முறம்.

வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "இப்பப் பரவாயில்லீங்களாக்கா?" என்று கேட்டேன். "ஆமா சரசு, நெம்பத் தேவல" என்றார் அக்கா. நேற்றைய பேச்சு தீர்ந்தது. ராத்திரிக்குப் பருப்பு கடைந்து ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினார்.

நிம்மதி. கொஞ்சம் பெருமையும்கூட. எருவை அள்ளாமலே வேலை முடிந்ததே என்று.

முட்டை 425.

ஜூன் 22, புதன்

காலையில் பாவாயி அக்கா முறத்தில் ஒரு துணியைப் போட்டு எதையோ ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். கிளீனர்.

கிளீனர் என்பது ஓணான். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில்தான் ஓணான். எங்கள் வாயில் ஒடக்கான். குப்பண்ணன் படுத்திருக்கும் வேப்பமரத்தில் இருப்பது. இரண்டு வருடமாக அவருக்குச் சிநேகம். கட்டில் காலைப் பிடித்து ஏறி வந்து அவர் நெஞ்சு மேல் உட்கார்ந்துகொள்ளும். போர்வையில் உட்காரும் ஈயைப் பிடித்துத் தின்னும். அவர் ஈயைப் பிடித்து விரலில் நீட்டினால் வந்து வாங்கிக்கொள்ளும். வண்டிக்குப் போகும்போது கிளீனர் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பானாம். அந்தப் பெயரை இதற்கு வைத்துவிட்டார். ஊரில் எவன் ஓணானைக் கண்டாலும் கல்லெடுப்பான். இதன் மேல் மட்டும் எவனும் எறிய மாட்டான்.

முறத்தில் வெளிறிப் போய்க் கிடந்தது. வாயில் நுரை. நான்கு காலும் சொந்தமில்லாதது போல. உடம்பு விட்டு விட்டு வெட்டி இழுத்தது.

"கட்டல்லருந்து பொத்துன்னு உழுந்துருச்சு சரசு. நீதான் கோழிக்கெல்லாம் ஊசி போடுவியே. எப்படியாச்சும் பாரு. அவரு காலைல இருந்து காப்பித்தண்ணிகூடக் குடிக்கல."

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருடம் மருந்தடித்த கம்பங்காட்டுக்குள் புகுந்த என் சேவல் இரண்டு இப்படித்தான் நுரை தள்ளிச் செத்தன.

வாயைத் திறக்கவில்லை. "நான் பாக்கறனுங்க்கா" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பிறகு குப்பண்ணனைப் போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம். அவர் சொன்னது:

"நேத்துப் பாரு அம்மிணி, ஈயெல்லாம் புடிக்கத் தோதா மந்தமா ஒக்காந்திருந்துச்சு. கைய நீட்டுனா பறக்கவே இல்ல. கிளீனருக்கு இன்னிக்கு விருந்துடான்னு ஒரு இருவது முப்பது புடிச்சு ஊட்டுனேன். நல்லாத்தான் தின்னுச்சு. என்ன கோளாறோ."

சாக்கை நக்கிய ஈ, சாவதற்கு முன் வேலி தாண்டிப் பறந்து போய் அவர் போர்வையில் உட்கார்ந்திருக்கிறது. கோழிக்கு எட்டக் கூடாது என்றுதான் பார்த்தேன். வேறு ஒன்றையும் நான் யோசிக்கவில்லை. இருபது முப்பது. அவர் கையாலேயே.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக இரண்டு சாக்கையும் அவிழ்த்துக் குழி தோண்டிப் புதைத்தேன். அவசரமாக, யாரும் பார்க்காமல். திருடி மாதிரி.

ஜூன் 23, வியாழன்

மேகமூட்டம். ஓணானுக்கு வெயில் வேண்டும், வெயிலைக் காணோம்.

செய்தவை:
முட்டைக் கூடையில் வைக்கோல், அதன் மேல் பழைய பாவாடைத் துணி. மேலே வலை.
வாயை ஈரத் துணியால் துடைத்தேன், மூன்று தடவை.
குளுக்கோஸ் தண்ணீர், சொட்டுக்குழாயில். ஐந்து சொட்டு விட்டால் மூன்று வெளியே.
கோழிச் சீக்குக்கு வைத்திருந்த மருந்துப் பொடியில் ஒரு சிட்டிகை. அதனால் பயனில்லை என்று தெரிந்தேதான் கொடுத்தேன். ஏதாவது செய்தேன் என்று இருக்க வேண்டுமே.

பதினோரு மணிக்கு பா. அக்கா ஒரு தீப்பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். திறந்தால் ஈ. பத்துப் பதினைந்து இருக்கும்.

"அண்ணன் புடிச்சு வெச்சாரு. கிளீனருக்குக் குடுக்கச் சொன்னாரு. பசியோட இருக்கும்னு காலைல இருந்து இதே வேல."

ஒற்றைக் கையால் ஈயைப் பிடித்து, நெஞ்சில் வைத்த தீப்பெட்டியை அதே கையால் திறந்து மூடி. ஒரு ஈ உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். அக்கா போனதும் பெட்டியோடு அடுப்பில் போட்டேன். அதில் எது நக்கிய ஈ, எது நக்காத ஈ என்று யார் கண்டது.

சாயங்காலம் வேலி ஓரம் நின்று அக்கா கேட்டார், "தின்னுச்சா?"

"ரண்டு தின்னுச்சுங்க்கா."

பொய். அவர் திரும்பிக் கட்டில் பக்கம் உரக்கச் சொன்னார், "ரண்டு தின்னுச்சாமா." அங்கிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

முட்டை எண்ணவில்லை.

ஜூன் 24, வெள்ளி

காலை வண்டியில் ராசிபுரம். கிளீனர் தூக்குப் போசியில், மூடியைக் கொஞ்சம் திறந்து. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "என்னங்க, கொழம்பா?" என்றார். "ஆமாங்க" என்றேன். பொய் இப்போது தண்ணீர் பட்ட பாடாக வருகிறது.

மாட்டாஸ்பத்திரியில் கூட்டம். ஆடு, எருமை, ஒரு நாய். என் முறை வந்து போசியைத் திறந்ததும் டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சின்ன வயசு, வேலைக்குப் புதுசு போல. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெளியே எடுத்து, கண்ணைப் பார்த்து, வாயைத் திறந்து முகர்ந்தார்.

"மருந்து எதாவது தின்னுச்சாம்மா? பூச்சிமருந்து, எலிமருந்து?"

அவருக்குப் பின்னால் கம்பவுண்டர். எங்கள் ஊர்க்காரர். பாவாயி அக்காவுக்குத் தூரத்துச் சொந்தம். சாயங்காலம் ஐந்தரை வண்டிக்கு ஊர் திரும்புகிறவர். பஞ்சு வைக்கிற சாக்கில் காதை இங்கேயே வைத்திருந்தார்.

"தெரியலைங்க சார்" என்றேன்.

"தெரிஞ்சா அதுக்குத் தகுந்த ஊசி இருக்கு. தெரியாம அதப் போட்டா இருக்கறதும் போயிடும்."

"தெரியலைங்க."

சத்து மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பேருந்து நிலையத்தில் மூன்று வண்டி போனது. நான் ஏறவில்லை. போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போய்ச் சொல்லலாம், நூறு தப்படிதான். நான்காவது வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது எழுதும்போது ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்: சொன்னால் குப்பண்ணனுக்குத் தெரியும். தன் கையால் விஷம் ஊட்டினோம் என்று தெரிந்தால் அந்த மனுஷன் தாங்குவாரா? அவருக்காகத்தான் சொல்லவில்லை.

எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 25, சனி

இரவு மழை. காலையில் புழுக்கம்.

சாக்கை எடுத்ததால் ஈ மறுபடி கிளம்பிவிட்டது. கு. அண்ணன் முகத்தில், கண் ஓரத்தில், போர்வை முழுக்க. தின்ன கிளீனரும் இல்லை. பகலில் இரண்டு தடவை போய் உட்கார்ந்து விசிறினேன். அவருக்கு ஒரே கூச்சம். "உன்ற வேலையெல்லாம் உட்டுட்டு எதுக்கு அம்மிணி?" என்றார். கொசுவலை கொண்டு போய்க் கொடுத்தேன். கட்டியதுமே கழற்றச் சொல்லிவிட்டார். வண்டிக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது நினைவுக்கு வருகிறதாம்.

அப்போதுதான் கவனித்தேன், தலையணைக்குப் பக்கத்தில் பொடி டப்பாவைக் காணோம். மூக்குப்பொடி அவருக்கு உயிர். கேட்டேன்.

அக்கா உள்ளேயிருந்து சொன்னார்: "நாந்தான் புடுங்கி வெச்சிருக்கறேன். பொடி போட்ட வெரலோட ஈயப் புடிச்சுப் புடிச்சு ஊட்டுனா? அந்தப் பொடிதான் அத இப்படிப் பண்ணிருக்கும்."

குப்பண்ணன் மறுக்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வாஸ்தவந்தான் அம்மிணி. சின்னதுல ஆடு மேய்க்கப் போனா எங்களுக்கு வேலையே அதான். ஒடக்கானப் புடிச்சு வாயில பொடியத் திணிச்சு உடுவோம். தல கிறுகிறுத்து ஆடும். அதப் பாத்துச் சிரிப்போம். எத்தனையச் செஞ்சிருப்பேன், கணக்கே இல்ல. இப்ப என்ற கையாலயே இதுக்கும் போட்டுட்டேன்."

நேற்று எழுதிய சமாதானத்தை மேலே அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும், நான் எப்படிப்பட்டவள் என்பதற்கு அத்தாட்சி. அவர் தாங்க மாட்டார் என்று நான் மறைத்தால், அவர் வேறொரு குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு மூன்று நாளாகத் தாங்கிக்கொண்டிருக்கிறார். பொடியும் இல்லாமல்.

இன்றைக்கும் ஒரு தீப்பெட்டி. அடுப்பு.

ஜூன் 26, ஞாயிறு

ஆஸ்பத்திரி லீவு. கிளீனர் வயிறு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. கோழி இறகு ஒன்றை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இலேசாக அசைந்தது.

நாளைக்கு வரை இரு. அது மட்டும் போதும். வேறு யாரிடம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அதனிடமே வேண்டிக்கொண்டேன்.

ஜூன் 27, திங்கள்

முதல் வண்டி. ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே வாசலில் நின்றேன்.

கம்பவுண்டர்தான் கதவைத் திறந்தார். அவர் இருக்கும்போதே டாக்டரிடம் சொன்னேன். "மாலத்தியானுங்க சார். ஈக்கு வெச்சனுங்க. அந்த ஈயத் தின்னுருச்சுங்க. அன்னிக்கே தெரியுமுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அன்னைக்கே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"மூணு நாள் வீணாப் போச்சேம்மா."

அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மருந்தில் தண்ணீர் கலந்து இளக்கி, ஊசியில் ஒரு பொட்டு எடுத்து, தொடை ஓரத்தில் போட்டார். ஓணானுக்குப் போடுவது இதுதான் முதல் தடவையாம். பிழைத்தால் பிழைக்கும் என்றார். மத்தியானம் வரை அங்கேயே மர நிழலில் இருக்கச் சொன்னார். நுரை நின்றது. ஒரு மணிக்குக் கண்ணைத் திறந்து மூடியது.

கிளம்பும்போது கம்பவுண்டர் பின்னாலேயே வந்தார். "ஏனுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டனுங்க" என்றார்.

ஐந்தரை வண்டி வந்துவிட்டால் அவர் வாய் தாங்காது. இரண்டு நாளில் சொல்லிவிடுவார். அதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று வண்டியில் வரும்போது முடிவு செய்தேன். இறங்கியதும் பயம் வந்துவிட்டது.

ஜூன் 29, புதன்

நல்ல வெயில். நேற்று ஒன்றும் எழுதவில்லை, எருவை அள்ளினேன். தனியாளாக, ஐந்து மணியிலிருந்து. கொட்டகையில் கால்வாசி ஆகியிருக்கிறது. இடுப்பு போய்விட்டது. அள்ளிய இடத்தில் சுண்ணாம்பு தூவிக் காய்ந்த கடலைத்தோல் பரப்பினேன்.

கிளீனர் இன்று முன்காலை ஊன்றித் தலையைத் தூக்கியது. இரண்டு விநாடி. பிறகு தாடை கீழே.

தெற்கே கடலைக்காட்டில் மருந்தடிக்காத பாத்தி இருக்கிறது. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் அலைந்து நான்கு வெட்டுக்கிளி பிடித்தேன். முப்பத்தாறு வயதுப் பொம்பளை வெட்டுக்கிளிக்குப் பின்னால் குதிப்பதை ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். காலையும் இறகையும் கிள்ளி, நசுக்கி, சொட்டுக்குழாய் முனையில் வைத்துக் கொடுத்தேன். விழுங்கியது. நான் வாய்விட்டு அழுதேன்.

பா. அக்காவிடம், "இன்னிக்கு நெசமாவே தின்னுச்சுங்க்கா" என்றேன். "நெசமாவேன்னா?" என்று கேட்டார். எரு அள்ளக் கிடக்கிறது என்று வந்துவிட்டேன்.

ஜூலை 2, சனி

என் வீட்டுக்காரர் வந்திருக்கிறார், இரண்டு நாள் லீவு. வந்ததும் முட்டைக் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஊர்ல கோழி வளப்பாங்க, நீ ஒடக்கான் பண்ணை வெக்கறயாக்கும்" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "உட்டுத் தள்ளு. பொழச்சுருச்சில்ல. இனி சொல்லி என்ன ஆகப்போகுது? கம்பவுண்டர நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வார். டீக்கடையில் ஒரு வார்த்தை, அதோடு முடிந்துவிடும். அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததே என்று அப்புறம் வெட்கமாக இருந்தது.

மத்தியானம் வெயிலில் கூடையை வைத்தேன். கிளீனர் கழுத்து இலேசாகச் சிவந்தது. பிறகு முன்காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, தண்டால். அதைப் பார்த்து அவர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஜூலை 5, செவ்வாய்

கொட்டகை முழுக்க அள்ளி முடித்தாயிற்று. அவர் இருந்தபோது பாதி, நான் மீதி. ஈ குறைந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது.

கிளீனரைக் கொண்டு போய்விட்டேன். கட்டிலில் வைத்ததும் அசையாமல் இருந்தது. குப்பண்ணன் மூச்சையே நிறுத்திவிட்டார். பிறகு மெல்ல மெல்ல வயிற்றின் மேல் ஏறி, நெஞ்சில் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவருக்குக் கண்ணீர் காதுப் பக்கம் வழிகிறது, துடைக்கக் கையை எடுத்தால் அது பயந்துவிடும் என்று அப்படியே கிடக்கிறார். அக்காதான் முந்தானையால் துடைத்தார்.

"அம்மிணி, நீ தெய்வம் அம்மிணி. கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா."

அக்கா ஒரு முறம் பச்சைக் கடலைக்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சொல்லவில்லை. அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்று இப்போது எழுதப் பார்க்கிறேன், பேனா ஓடவில்லை.

கடலைக்காயை வேகவைக்கவும் இல்லை. மூலையில் கிடக்கிறது.

ஜூலை 6, புதன்

சொல்லிவிட்டேன்.

காலை எட்டு மணி. முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள் கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். நின்றால் திரும்ப எடுத்துவிடுவேன் என்று தெரியும். அதனால் செருப்புகூடப் போடவில்லை. அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் கேட்கிற மாதிரி நின்று சொன்னேன்.

"அண்ணா, பொடி இல்லீங்க. நான் வெச்ச மருந்துங்க. ஈக்கு வெல்லத்துல வெச்சேன். அத நக்குன ஈதான் உங்க மேல வந்து ஒக்காந்துது. எனக்கு மொத நாளே தெரியுமுங்க. ஆஸ்பத்திரியிலயும் மறச்சுட்டேன். அதுல மூணு நாள் போச்சு."

அக்கா வாளியைக் கீழே வைத்தார். "அப்ப தீப்பெட்டி ஈயெல்லாம்?"

"அடுப்புல போட்டனுங்க்கா."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். மாடு அடைக்கும் தொண்டுப்பட்டிக்குள் போய்விட்டார். கிளீனர் கால்மாட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பிறகு குப்பண்ணன் கேட்டார்:

"பொடி இல்லையா?"

"இல்லீங்க."

"பாவாயி, டப்பாவக் கொண்டா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அக்கா கொண்டு வந்து கட்டிலில் போட்டார். அவர் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்தார். மூக்கருகே கொண்டு போனவர் நின்றுவிட்டார். விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாந்தானே ஊட்டுனேன்" என்றார். எனக்குச் சொல்லவில்லை, விரலுக்குச் சொன்னார்.

என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது உண்மை. இறங்கி அவர் நெஞ்சில் உட்கார்ந்ததும் உண்மை. யாருக்காகச் சொன்னேன்?

ஜூலை 7, வியாழன்

காற்று. ஆடிக்கு முன்னாலேயே ஆடிக் காற்று.

வேலி வழியாகப் பார்த்தேன். கிளீனர் அவர் வலக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று தலையை ஆட்டுகிறது. எப்போதும் ஈ வாங்கும் இடம். அவர் கை மூடியிருக்கிறது. போர்வையில் ஈ உட்கார்ந்தால் அதுவாகப் பிடிக்கப் போகிறது. அதற்கு முன் அவர் துண்டால் விசிறி ஈயை முடுக்குகிறார். முடுக்கினால் கிளீனர் பயந்து மரத்துக்கு ஓடுகிறது. மறுபடி இறங்கி வருகிறது. மறுபடி விசிறல்.

அக்கா என்னோடு பேசவில்லை. முட்டை 431.

ஜூலை 8, வெள்ளி

காற்று நிற்கவில்லை. கொட்டகையில் கிழக்குத் தட்டி ஒன்று பெயர்ந்துவிட்டது. கட்டக் கயிறு எடுத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா.

"சரசு. அவரு கூப்புடறாரு. வந்துட்டுப் போ." முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனாலும் இரண்டு நாளில் முதல் பேச்சு.

போனேன். கிளீனர் அவர் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தது. அவர் ஒரு ஈயை இறகைப் பிடித்து வைத்திருந்தார். அது காலை உதறிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"இதப் பாரு அம்மிணி. இது ஆகுமா?"

நக்கிய ஈ, நக்காத ஈ. பார்த்தால் தெரியாது. யாருக்கும் தெரியாது. சாக்கைப் புதைத்துப் பதினாறு நாள் ஆகிறது, இருக்காது, இருக்கவே இருக்காது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தேன். அவர் ஈயைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகுமுங்க" என்றேன்.

நீட்டினார். கிளீனர் வாங்கிக்கொண்டது. அவர் அடுத்ததைப் பிடித்தார்.

"இது?"